இறந்தவருக்கு எத்தனை நாள்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று மறைந்த ஒருவரின் பெயரால் நடப்பது. அவர் பார்த்த வேலையில் பெரும்பகுதி வெளியே யாருக்கும் தெரியாத வேலை. எந்த விழாவில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் வந்தால் யார் வரவேற்கப் போக வேண்டும், யார் இறந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்க்கும் வேலை. அவருக்குப் பொருந்தும் ஒரு பொருளைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பொதுப் பதவியில் இருந்தவர் இறந்தால் அரசுக் கட்டடங்களில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுகிறோம். எத்தனை நாளுக்கு? எந்தெந்த ஊரில்? யார் உத்தரவில்? இதற்கெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த ஓர் அட்டவணை வேண்டுமா, ஆள்பவர் அப்போதைக்கு அப்போது முடிவு செய்துகொள்ளலாமா? நான் அட்டவணைக்காக வாதாட வந்தவன். உயிரற்ற காகிதம் என்று நீங்கள் நினைக்கும் அந்த அட்டவணையில்தான் இறந்தவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்பது என் கட்சி.

வழக்கம் பிறந்தது கடலில். எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றாக எல்லாரும் காட்டுவது 1612 ஆம் ஆண்டில் நடந்த ஒரு பயணத்தை. ஜேம்ஸ் ஹால் என்ற ஆங்கிலேய மாலுமி இரண்டு கப்பல்களோடு கிரீன்லாந்துக்குப் போனார். அங்கே இனுயிட் மக்களின் தாக்குதலில் இறந்தார். சில ஆண்டுகளுக்கு முன் டென்மார்க் அரசருக்காக அதே கரைக்கு வந்தபோது அந்த மக்களில் சிலரைப் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பழியைத் தீர்த்தார்கள் என்று சொல்வதுண்டு. அவர் இறந்த பிறகு 'ஹார்ட்ஸ் ஈஸ்' என்ற கப்பல் தன் துணைக் கப்பலை வந்து சேர்ந்தபோது, கொடி வழக்கமான உயரத்தில் இல்லாமல் பின்பக்கத்தில் தாழ்ந்து தொங்கியது. பார்த்த மாத்திரத்தில் எதிர்க்கப்பலில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆக, அந்தக் குறி அப்போதே பழகிய குறியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தப் பயணத்தில் தலைமை வழிகாட்டியாக இருந்தவர் வில்லியம் பாஃபின். பின்னாளில் வடதுருவப் பகுதியில் ஒரு விரிகுடாவுக்கே அவர் பெயர் வந்தது.

மேலே விட்டுவைக்கும் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாத மரணத்தின் கொடிக்கு என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அழகான விளக்கம். அழகாக இருப்பதாலேயே எனக்கு அதில் சந்தேகம். துக்கம் என்றால் பாய்மரக் கப்பலில் கயிறுகளைத் தளரவிட்டு, பாய்க்கட்டைகளைக் கோணலாக நிறுத்துவதும் வழக்கம். ஒழுங்கே உயிரான இடத்தில் வேண்டுமென்றே ஒழுங்கைக் குலைத்துக் காட்டுவது. கொடி தாழ்ந்ததும் அந்த வகையில்தான் சேரும் என்று தோன்றுகிறது.

கப்பலில் இது கூட வேலை செய்தவர்கள் தாங்களாகச் செய்தது. கரைக்கு வந்து அரசின் கையில் சிக்கியதும் கேள்வி மாறிவிட்டது. யாருக்கு என்ற கேள்வி வந்தது. வந்ததும் கூடவே பகைமையும் வந்தது.

அமெரிக்காவில் நீண்ட காலம் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு துறைக்கும் ஒரு வழக்கம். 1954 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஒரு பிரகடனம் வெளியிட்டு அதைச் சீர்செய்தார். ஆயுளில் பெரும்பகுதியை ராணுவத்தில் கழித்தவர். முகாமுக்கு முகாம் கொடி ஒவ்வோர் உயரத்தில் பறப்பது அவருக்குச் சகித்திருக்காது என்பது என் ஊகம். அந்தப் பிரகடனத்தின் கணக்கு இப்படிப் போகிறது. குடியரசுத் தலைவரோ முன்னாள் குடியரசுத் தலைவரோ இறந்தால் 30 நாள். துணைக் குடியரசுத் தலைவர், தலைமை நீதிபதி, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி, பிரதிநிதிகள் சபைத் தலைவர் என்றால் 10 நாள். உச்ச நீதிமன்றத்தின் மற்ற நீதிபதிகள், அமைச்சரவைச் செயலர்கள், முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் போன்றோருக்கு இறந்த நாள் முதல் அடக்கம் முடியும்வரை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு இறந்த நாளும் மறுநாளும்.

இதைக் கேட்டதும் நம் ஊரார் சிரிக்கலாம். துக்கத்துக்கு நாள் கணக்கா? ஆனால் நம் வீடுகளில் இதே கணக்கு இருக்கிறதே. பங்காளி இறந்தால் இத்தனை நாள் தீட்டு, சம்பந்தி வழி என்றால் இத்தனை நாள். சமூகத்துக்குச் சமூகம் எண்ணிக்கை மாறும், கணக்கு என்னவோ எல்லாரிடமும் உண்டு. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இறந்தவர் மேல் உங்களுக்கு அன்பு உண்டா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. வரப்புத் தகராறில் பத்து வருடமாக முகம் பார்க்காத பங்காளி போனாலும் தீட்டு தீட்டுதான். கோயிலுக்குப் போக முடியாது, வீட்டில் நல்ல காரியம் வைக்க முடியாது. 'அவன் செய்த வேலைக்கு இவ்வளவு போதும்' என்று இரண்டு நாளைக் குறைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

கொடி அட்டவணை செய்யும் வேலையும் அதுதான். ரிச்சர்டு நிக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர்கேட் ஊழலில் பதவி விலகி ஓடிய ஒரே அமெரிக்கக் குடியரசுத் தலைவர். அவர் 1994 ஏப்ரல் 22 அன்று இறந்தபோது பதவியில் இருந்தவர் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் கிளின்டன். நிக்சனுக்கு 30 நாள் தகுமா என்று அன்று எத்தனையோ பேர் மனதுக்குள் கேட்டிருப்பார்கள். அட்டவணை கேட்கவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர், ஆகவே 30 நாள். கொடி தாழ்ந்தது. கிளின்டன் தன் மனதைத் துருவிப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டிய சங்கடமே எழவில்லை. இல்லாவிட்டால் 30 என்று சொன்னாலும் வம்பு, 20 என்று சொன்னாலும் வம்பு.

அதே நிக்சனின் காலத்திலேயே இன்னொரு சிக்கல் வந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் 1972 டிசம்பர் 26 அன்று இறந்தார். நிக்சனின் இரண்டாவது பதவியேற்பு 1973 ஜனவரி 20. முப்பது நாள் இன்னும் முடியவில்லை. பதவியேற்பு மேடையைச் சுற்றிக் கொடிகள் தாழ்ந்தே இருந்தன. விழா அது பாட்டுக்கு நடந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொரு முன்னாள் தலைவர் லிண்டன் ஜான்சன் இறந்துபோனார். மறுபடி முப்பது நாள். பிப்ரவரியில் வியட்நாமிலிருந்து போர்க்கைதிகள் நாடு திரும்பத் தொடங்கியபோதுதான் அவர்களை வரவேற்கக் கொடியை மேலே ஏற்றச் சொன்னார் நிக்சன். கெடு முடியுமுன் ஏற்றியதுதான். ஆனால் ஏற்றியது தனக்காக இல்லை என்பதால் அது உறுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து அதே முடிச்சு மறுபடி விழுந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று நூறு வயதில் காலமானார். முப்பது நாள் என்றால் 2025 ஜனவரி 28 வரை. டிரம்ப்பின் பதவியேற்பு ஜனவரி 20. தன் பதவியேற்பில் கொடி தாழ்ந்திருக்கப்போகிறது என்று அவர் சமூக ஊடகத்தில் குறைப்பட்டுக்கொண்டார். பிரதிநிதிகள் சபைத் தலைவர் மைக் ஜான்சன் அந்த ஒரு நாளுக்கு மட்டும் நாடாளுமன்றக் கட்டடத்தில் முழுக்கம்பத்தில் ஏற்றி, மறுநாள் மீண்டும் இறக்குவது என்று அறிவித்தார். பதவியேற்ற அன்றே டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்: இனி எந்தப் பதவியேற்பு நாளிலும் கொடி முழுக்கம்பத்திலேயே பறக்கும்.

அந்தப் பிரகடனம் தன்னளவில் தவறானது என்று சொல்ல மாட்டேன். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் பதவியேற்கும் நாள் நாட்டுக்கு ஒரு விழா நாள். அன்று கொடி உயர்ந்திருக்கட்டும் என்பதில் நியாயம் உண்டு. கோளாறு நேரத்தில் இருக்கிறது. விதியை மாற்றியவரே அன்று பயனடைந்தவரும். நாற்பது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் இதை எழுதிவைத்திருந்தால் 2025 இல் ஒரு குரலும் எழுந்திருக்காது.

எனக்கு எதிராக நீங்கள் வைக்கக்கூடிய நல்ல சாட்சி ஜான் மெக்கெய்ன். மறைக்காமல் நானே சொல்லிவிடுகிறேன். அரிசோனாவின் செனட்டர், வியட்நாமில் ஐந்தாண்டுக்கு மேல் சிறையிலிருந்தவர், டிரம்ப்புக்கும் அவருக்கும் ஆகாது என்பது உலகறிந்தது. 2018 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை இறந்தார். வெள்ளை மாளிகையில் கொடி இறங்கியது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் உச்சிக்கு ஏறியிருந்தது. நாடெங்கும் கொதிப்பு, முன்னாள் படைவீரர் அமைப்புகள் கண்டித்தன. அன்று பிற்பகலே அடக்கம்வரை கொடி தாழ்ந்திருக்கும் என்று உத்தரவு வந்தது.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு இறந்த நாளும் மறுநாளும். சனி, ஞாயிறு. திங்கட்கிழமை கொடி ஏறியது எழுத்துப்படி சரி! பிறகு ஏன் அது அவமதிப்பாகப் பட்டது? பெயர்பெற்ற செனட்டர்கள் இறந்தபோதெல்லாம் முந்தைய தலைவர்கள் அட்டவணைக்கு மேலே நாள் கூட்டிக் கொடுத்துவந்திருந்தார்கள். தாராளம்தான், நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்த பிறகு அடுத்தவருக்கு எழுதியிருப்பதை மட்டும் கொடுத்தால் அது வசையாகிவிடுகிறது. மெக்கெய்னுக்கு நேர்ந்தது அட்டவணையின் கடுமையால் நேர்ந்ததில்லை. அட்டவணையைத் தளர்த்திக்கொண்டே வந்ததால் நேர்ந்தது. தளர்வு மாநிலங்களுக்கும் பரவியது. நியூஜெர்சி ஆளுநர் 2012 இல் பாடகி விட்னி ஹூஸ்டனுக்காகக் கொடியை இறக்கியபோது, போரில் இறந்தவர்களுக்கு உரியதைப் பாடகிக்குக் கொடுப்பதா என்று சண்டை மூண்டது. அந்தப் பாடகியின் குரலுக்கு நானும் ரசிகன். அது வேறு விஷயம்.

பிரிட்டனில் வேறு மாதிரி இரண்டு கதைகள் உண்டு. 1997 இல் இளவரசி டயானா இறந்தபோது பக்கிங்காம் அரண்மனைக் கம்பம் வெறுமையாக நின்றது. அரசி ஸ்காட்லாந்தில் இருந்தார். அவர் அரண்மனையில் இல்லாதபோது அரச கொடி அங்கே பறக்காது. பறந்தாலும் அது தாழவே தாழாது, ஒருவர் போன கணமே அடுத்தவர் அரசர் என்பதால். விதி துளி பிசகவில்லை. மக்கள் கேட்கவில்லை. கடைசியில் இறுதி ஊர்வல நாளில் பிரிட்டனின் தேசியக் கொடியை அங்கே அரைக்கம்பத்தில் ஏற்றினார்கள். 2015 ஜனவரியில் சவூதி மன்னர் அப்துல்லா இறந்தபோது லண்டன் அரசு அலுவலகங்களில் கொடி தாழ்ந்தது, அதற்கும் கண்டனம். வேடிக்கை என்னவென்றால், சவூதி அரேபியா தன் மன்னருக்காகத் தன் கொடியை இறக்கவில்லை. அதில் இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி எழுதியிருப்பதால் எவருக்காகவும் இறக்குவதில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடி விதித் தொகுப்பில் இதற்கு ஒரு பகுதி இருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைக் குடியரசுத் தலைவர், பிரதமர் இறந்தால் நாடு முழுவதும் அரைக்கம்பம். மக்களவைத் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி என்றால் டெல்லியில். மத்திய கேபினட் அமைச்சர் என்றால் டெல்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும். ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுவதும். மாநிலக் கேபினட் அமைச்சர் என்றால் அந்த மாநிலத் தலைநகரில். அமெரிக்க அட்டவணை காலத்தால் அளக்கிறது; நம்முடையது முதலில் இடத்தால் அளக்கிறது.

இதை எழுதியவர் கொடிக் கம்பத்தடியில் நிற்கும் ஆளை நினைத்து எழுதியிருக்கிறார் என்பது படித்தால் தெரியும். இறப்புச் செய்தி பிற்பகலில் வந்து சேர்ந்தால் மறுநாளும் கொடி தாழ்ந்திருக்க வேண்டும். அந்த மறுநாளின் சூரிய உதயத்துக்குமுன் இறுதிச்சடங்கு முடிந்துவிட்டிருந்தால் வேண்டியதில்லை. அரைக்கம்பத்தில் கட்டுவதானாலும் முதலில் கொடியை உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் கீழே கொண்டுவர வேண்டும். மாலையில் இறக்கும்போது மறுபடி உச்சிக்கு ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். நேராகப் பாதியில் கொண்டுபோய்க் கட்டிவிடக் கூடாது. நம் மாவட்ட அலுவலகங்களில் இதைச் செய்பவர் பெரும்பாலும் ஒரு காவலர். காலையில் கையில் ஒரு கம்பியில்லாத் தந்திச் செய்தியோடு வருவார். ஏற்றி, நிறுத்தி, இறக்கி, கயிற்றைக் கட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து அண்ணாந்து பார்ப்பார். சரியாகப் பாதிதானா என்று.

எனக்குப் பிடித்த விதி இன்னொன்று. துக்க நாள் குடியரசு நாளிலோ சுதந்திர நாளிலோ காந்தி பிறந்த நாளிலோ, ஜாலியன்வாலாபாக் நினைவாக அனுசரிக்கும் ஏப்ரல் 6 முதல் 13 வரையான தேசிய வாரத்திலோ வந்து விழுந்தால் கொடியை இறக்கக் கூடாது. ஒரே ஒரு கட்டடத்தில் மட்டும் விலக்கு: இறந்தவரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடம். அங்கேயும் உடலை எடுத்துச் சென்றதும் கொடி முழு உயரத்துக்கு ஏற வேண்டும். 2025 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தகராறுக்கு இங்கே இடமே இல்லை. யாரோ ஒரு பெயர் தெரியாத அதிகாரி முன்கூட்டியே யோசித்துவிட்டார். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் இறந்தது 2009 ஜனவரி 27, குடியரசு நாளுக்கு மறுநாள். குடியரசு நாள் கொண்டாட்டத்தை முடித்துவைக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியை அந்த ஆண்டு ரத்து செய்தார்கள். ஒரு நாள் முந்தியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை தாளில் தயாராக இருந்தது.

ஆனால் ஓட்டையும் இருக்கிறது. நான் படித்துக்காட்டிய பட்டியலில் 'முன்னாள்' என்ற சொல்லையே நீங்கள் கேட்கவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர், முன்னாள் பிரதமர், முன்னாள் முதல்வர் யாரும் அதில் இல்லை. அரசு துக்கம் என்று அறிவித்தால் அந்தக் காலம் முழுவதும் கொடி தாழும் என்று இருக்கிறது. அறிவிப்பதா, எத்தனை நாளுக்கு என்பது அரசின் விருப்பம். அப்துல் கலாம் 2015 ஜூலை 27 இல் மறைந்தபோது ஏழு நாள். வாஜ்பாய்க்கு ஏழு நாள். மன்மோகன் சிங்குக்கு ஏழு நாள். ஏழு என்பது வழக்கமாகி உறைந்துவிட்டது. வழக்கம் நல்லதுதான். எழுத்தில் இல்லாத வழக்கத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு மெக்கெய்ன் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் 2018 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 7 ஆம் தேதி கருணாநிதி மறைந்தார். மாநில அரசு ஏழு நாள் துக்கம் அறிவித்தது. ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சிக்கு எதிரான அ.தி.மு.க. கொடி விஷயத்தில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. 13 ஆம் தேதியோடு துக்கம் முடிந்தது. 15 ஆம் தேதி கோட்டையில் முதல்வர் கொடியேற்றினார். முதல்வர்கள் சுதந்திர நாளில் கொடியேற்றும் உரிமையே கருணாநிதி கேட்டு 1974 இல் கிடைத்தது. அதுவரை ஆளுநர்கள்தான் ஏற்றிவந்தார்கள். 2018 இன் அந்தச் சுதந்திர நாளுக்கு மறுநாளே வாஜ்பாய் காலமாக, கொடி மீண்டும் இறங்கியது.

சண்டை மூண்டது நிலத்தில். மெரினாவில் அடக்கம் செய்ய இடம் கேட்டார்கள். அரசு கிண்டியில் காந்தி மண்டபம் அருகே இரண்டு ஏக்கர் தருவதாகச் சொன்னது. நிலுவை வழக்குகள், சட்டச் சிக்கல் என்றது. பதவியில் இருக்கும்போது மறைந்த முதல்வர்களுக்கே மெரினா என்ற வாதமும் வந்தது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா மூவரும் அப்படி மறைந்தவர்கள்தான். ஆனால் அது விதியாக எங்கேயாவது எழுதப்பட்டிருந்ததா? உயர் நீதிமன்றம் இரவிலேயே விசாரணையைத் தொடங்கி மறுநாள் காலையில் அனுமதி கொடுத்தது. மாலையில் அடக்கம் நடந்தது. ஒரே மனிதர், ஒரே அரசு, ஒரே இரவு. கொடிக்குப் பழகிப்போன ஓர் எண் இருந்தது, தகராறு வரவில்லை. நிலத்துக்கு அப்படி ஒன்று இல்லை, நீதிபதிகள் தூக்கம் விழிக்க வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016 டிசம்பர் 5 மாலை. ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று சில தொலைக்காட்சிகள் சொல்லிவிட்டன. ராயப்பேட்டையில் அவருடைய கட்சித் தலைமை அலுவலகத்தில் கட்சிக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். மருத்துவமனை மறுத்தது. கொடியை மறுபடி மேலே ஏற்றினார்கள். அன்று இரவு 11.30 மணிக்குத்தான் உயிர் பிரிந்ததாக அறிவிப்பு வந்தது. கீழே நின்ற தொண்டர்களுக்கு அந்தச் சில மணி நேரம் எப்படி இருந்திருக்கும்! கொடி ஏறியதைக் கண்டு கும்பிட்டவர்கள் உண்டு. கட்சிக் கொடி செய்தியோடு இறங்கலாம், வதந்தியோடும் இறங்கலாம். அரசின் கொடிக்கு முறையான தகவல் வந்தாக வேண்டும்.

பதவிப் படிநிலையை இறந்த பிறகும் சுமக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காந்தி எந்தப் பதவியிலும் இல்லை; எந்த அட்டவணையிலும் இடம்பெற மாட்டார். 1948 இல் ஐக்கிய நாடுகள் அவையே அவருக்காகக் கொடியைத் தாழ்த்தியது. மலக்குழியில் இறங்கி மூச்சுத்திணறி இறந்த தொழிலாளிக்கு எந்தக் கம்பத்திலும் கொடி இறங்கியதில்லை என்று இங்குள்ள மாணவர் ஒருவர் எழுந்து கேட்டால் அவரை நான் உட்காரச் சொல்ல மாட்டேன். கொடி பதவிக்குத்தான் இறங்குகிறது, மனிதரின் பெருமைக்கு இறங்குவதில்லை. அதை அதற்குமேல் ஏற்றிச் சொன்னால் பொய்யாகிவிடும். அந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அரசு கொடுக்க வேண்டியது உச்ச நீதிமன்றம் 2023 இல் நிர்ணயித்த 30 லட்சம் ரூபாய், பிறகு அடுத்த ஆளைக் குழிக்குள் இறக்காமல் இருப்பது. கொடியை இறக்கி அந்தக் கடனைத் தீர்த்ததாகக் காட்டிக்கொள்ள நாம் இடம் கொடுக்கக் கூடாது.

தனி மனிதர் தானாகவே கொடியைத் தாழ்த்தலாமா? நம் நாட்டில் முடியாது. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசின் அறிவுறுத்தல்படி பொதுக் கட்டடங்களில் தாழும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது அவமதிப்பு. மூன்றாண்டுவரை சிறை. சொந்தத் தந்தை இறந்தார் என்று வீட்டு மாடியில் மூவண்ணக் கொடியைப் பாதியில் கட்டினாலும் சிக்கல்தான். இது எனக்குச் சற்று அதிகம் என்று படுகிறது. குடிமகன் கொடியேற்றுவதே கருத்துரிமை என்று நவீன் ஜிண்டால் வழக்கில் 2004 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அவன் துக்கத்துக்கு மட்டும் சிறை எதற்கு?

ஆகவே நான் கேட்பது இரண்டு திருத்தங்கள். முன்னாள் குடியரசுத் தலைவர், முன்னாள் பிரதமர், மாநில அளவில் முன்னாள் முதல்வர் ஆகியோருக்கு எத்தனை நாள், எங்கெங்கே என்று பட்டியலில் எழுதிவிடுங்கள். இப்போது நடக்கும் ஏழையே எழுதினாலும் சரி. பட்டியலில் இல்லாத ஒருவருக்காகக் கொடியை இறக்க முடிவெடுத்தால், உத்தரவிலேயே காரணத்தைச் சொல்லுங்கள். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. கொடி விதித் தொகுப்பு சட்டம் ஆகாது, நிர்வாக அறிவுறுத்தல்தான் என்று ஜிண்டால் தீர்ப்பே சொல்கிறது. பாலியெஸ்டர் துணியில் கொடி செய்யலாம் என்று 2021 டிசம்பரிலும், இரவிலும் பறக்கவிடலாம் என்று 2022 ஜூலையிலும் உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டுத்தான் திருத்தியது. இதற்கும் அதே மாதிரி ஓர் உத்தரவு போதும்.